பச்சை மண்

பிறந்து பத்து நாள் ஆகாத குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால், எங்கள் ஊர்ப் பெண்கள் "பாத்துத் தூக்குடி, பச்ச மண்ணு" என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்புக்காரி என்று பெயர். சூளைக்குப் போகாத செங்கல் பச்சைக் கல். நெருப்பு படாதது, இன்னும் இறுகாதது, தொட்டால் விரல் பதிந்துவிடுகிறது என எல்லாவற்றுக்கும் தமிழில் இந்த ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் மண்சுவர் வீட்டுக்குக் 'கச்சா' என்று எழுதுவார்கள். அதுவும் பச்சைக்கான இந்திச் சொல்தான். வேகாதது, பழுக்காதது என்று பொருள். வெந்தது 'பக்கா'. அந்தப் பக்காவை நாம் தமிழிலேயே சேர்த்துக்கொண்டோம். பக்கா வீடு, பக்காவான ஆள். அப்படியானால் மண் வீட்டில் இருப்பவர்கள் வேகாத வீட்டில் இருக்கும் வேகாத ஆட்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லே சொல்லிவிடுகிறது.

இந்தச் சில வருடங்களில் அந்த வேகாத மண்ணுக்குப் புது மரியாதை வந்திருக்கிறது. இத்தாலியில், ரவென்னாவுக்குப் பக்கத்திலுள்ள மாஸ்ஸா லோம்பார்தா என்ற சிற்றூரில், 2021இல் எந்திரம் ஒரு மண் வீட்டை எழுப்பியது. பெயர் தெக்லா. முப்பரிமாண அச்சு எந்திரம் செய்யும் வாஸ்ப் என்ற நிறுவனமும் கட்டடக் கலைஞர் மாரியோ குச்சினெல்லாவின் அலுவலகமும் சேர்ந்து செய்த மாதிரி வீடு அது. எந்திரம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளப் பொறியியல் வேண்டாம், தீபாவளிக்கு முறுக்கு பிழிந்திருந்தால் போதும். மண்ணைச் சலித்து, நீரும் நாரும் சேர்த்துப் பிசைந்து, குழாய் வழியாக அழுத்தி, ஒரு முனையில் வெளியே தள்ளுகிறார்கள். முனை எந்தப் பாதையில் நகர வேண்டும் என்பதைக் கணினி சொல்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேலே அடுத்த சுற்று. கீழ்ச்சுற்று மேல்சுற்றின் கனத்தைத் தாங்குமளவு இறுகியிருக்க வேண்டும், அதோடு ஒட்டுமளவு ஈரமாகவும் இருக்க வேண்டும். முறுக்குப் பிழிவதற்கும் அச்சு, வீடு பிழிவதற்கும் அச்சு. தமிழுக்குப் புதுச்சொல் தேடும் வேலைகூட இல்லை.

தெக்லாவுக்கு ஆன கணக்கை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள 350 சுற்றுகள். 60 கன மீட்டர் மண்ணும் பிற இயற்கைப் பொருள்களும். பிழிந்த மண் திரியை நீட்டி வைத்தால் 150 கிலோமீட்டர் வரும். எந்திரம் ஓடிய நேரம் 200 மணி. அதற்கு முன்பு, 2018இல், அதே நிறுவனம் அதே ஊரில் 'காயா' என்று இன்னொரு வீடு கட்டியது. கிரேக்கர்களின் பூமித்தாய் பெயர். 30 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் 320 சதுர அடிக்குச் சற்று மேல். சுவருக்கான பொருட்செலவு 900 யூரோ. கலவையில் 25 விழுக்காடு அந்த இடத்து மண், 40 விழுக்காடு நறுக்கிய வைக்கோல், 25 விழுக்காடு உமி, 10 விழுக்காடு சுண்ணாம்பு.

இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு இத்தாலி நினைவுக்கு வரவில்லை, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களத்துமேடு வந்தது. களிமண், வைக்கோல், உமி. வீராணத்துத் தண்ணீர் பாயும் ஊர்களில் அடுப்புப் போடத் தெரிந்த எந்தப் பெண்ணும் இதே மூன்றையும்தான் கேட்பாள். அந்த நிறுவனத்தின் பெயரும் அதையே சொல்கிறது. வாஸ்ப் என்றால் குளவி. வாயில் மண் கொண்டுவந்து சிறு பானைபோல் கூடு கட்டும் குளவியைப் பார்த்து வைத்த பெயர். நம் ஊரில் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள், கூட்டைக் கலைக்கவும் விடமாட்டார்கள். அந்த மண் கூட்டைக் கட்டுவது பெண் குளவி. முட்டையிட இடம் தேடும் தாய்.

நான் கடலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முதுகலை வகுப்பில் ஒருநாள் நெடுநல்வாடை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் நூல் பிடித்து, திசை பார்த்து, தெய்வம் வணங்கி அளவெடுப்பது வரும். நூல் என்பது கயிறு, நூல் என்பது புத்தகம். கயிறு பிடித்தவன் கைக்குப் புத்தகத்தின் மதிப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. கட்டடம் பற்றிய பேச்சு வந்ததால் தெக்லாவின் காணொளியைப் போட்டுக் காட்டினேன். குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி, யாருக்கும் பதில் சொல்வதுபோல இல்லாமல், "எங்க ஆயா குதுரு செய்யறது இப்படித்தான் மேம்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது சரி. நெல் கொட்டி வைக்கும் குதிரை ஒரே மூச்சில் செய்ய முடியாது. மண்ணை வைக்கோலோடு மிதித்து, புளிக்கப் போட்டு, மறுபடி மிதித்து, திரி திரியாக உருட்டி வட்டமாக வைத்து ஏற்றுவார்கள். ஒரு சாண் உயர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அவசரப்பட்டால் வயிறு சரிந்துவிடும். அது வாடக் காத்திருந்து, விளிம்பில் நீர் தொட்டு, அடுத்த வட்டம். கீழே நெல்லை எடுக்க ஒரு துவாரம். எப்போது காத்திருப்பது, எப்போது தொடர்வது என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன விரல்தான் அந்த வேலையின் கணினி. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று சொல்லாத தமிழர் கிடையாது. குதிருக்குள் ஒளிந்த அப்பனை எல்லோருக்கும் தெரியும். குதிரைச் செய்த அம்மாவைப் பற்றிப் பழமொழி எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

இதுவரை படித்தவர்கள், பழைய பெருமை பேசும் கட்டுரை இது என்று நினைக்கலாம். பாட்டிக்கு எல்லாம் தெரியும், மண் வீடு குளிர்ச்சி, நம் முன்னோர் அறிவியல் என்கிற வரிசை எனக்கும் பழக்கம்தான். அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு மனமில்லை. காரணம் என் அம்மாவின் கை.

நாங்கள் வளர்ந்தது மண்சுவர், மண் தரை, கீற்றுக் கூரை. தரையை வாரத்துக்கு இரண்டு முறை சாணம் கரைத்து மெழுக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும். பண்டிகை, சாவு, தீட்டு, விருந்தாளி என்றால் கூடுதல். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, வலது கையால் வில்போல் வீசி வீசி, சுவர் ஓரத்தில் தொடங்கி வாசற்படியில் முடிப்பாள். ஒருமுறைக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். 40 வருடம். 4,160 மணி நேரம். இத்தாலிய எந்திரம் ஒரு முழு வீட்டுக்கு ஓடியது 200 மணி. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் சுவர் விரிசலை அடைப்பது, சாரலில் கரைந்த அடிச்சுவருக்கு மண் அப்புவது, பொங்கலுக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசுவது, அடுப்பை உடைத்துப் புதிதாகப் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. மார்கழியில் அவள் உள்ளங்கை வெடித்து, வெடிப்பில் சாணநீர் இறங்கி எரியும். தேங்காய் எண்ணெயைச் சூடுகாட்டித் தடவிக்கொண்டு படுப்பாள். நிறைமாதத்திலும் மெழுகியிருக்கிறாள். குனிந்து நிமிர்ந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்களாம்.

மண் வீடு நூறு வருடம் நிற்கும் என்று கட்டுரைகள் எழுதுகிறார்கள். நிற்கும். கவனிப்பாரற்ற மண்சுவர் இரண்டு ஐப்பசிகளுக்குத் தாங்காது என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும். மண் வீட்டை நிறுத்தி வைத்தது அதைக் கட்டியவர்கள் செய்த ஒருநாள் வேலையாக இருக்க முடியாது. தினமும், வாரமும், பருவமும் அதைத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருந்த கை அது. நீடித்த கட்டடம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அந்த நீடிப்புக்கான உழைப்பு முழுக்கப் பெண்ணிடமிருந்து கூலியில்லாமல் எடுக்கப்பட்டது. வீட்டுக் கணக்கிலும் அது இல்லை, கட்டடக் கணக்கிலும் இல்லை.

இலக்கியத்தில் தேடினால் ஓர் இடத்தில் அந்தக் கை தெரிகிறது. புறநானூற்றின் 249ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குச் சோறு படைக்க முறம் அளவு இடத்தைச் சாணத்தால் மெழுகுகிறாள். சாணம் கரைக்க அவளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை, கண்ணீரே போதுமாக இருக்கிறது. நெடுநல்வாடையின் நூல் பிடித்தவர்களையும் இந்த முறத்தளவு இடத்தையும் நான் இப்போதெல்லாம் அடுத்தடுத்த வகுப்பில் நடத்துகிறேன். அரண்மனையை வகுத்தது அறிவு என்று நமக்குத் தெரிகிறது. இவள் செய்வதைத் துயரம் என்று படிக்கிறோம், சடங்கு என்று படிக்கிறோம். அதற்குள் ஒரு வேலையும் இருக்கிறது என்று மாணவிகளிடம் சொல்வேன்.

16 வருடங்கள் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, சிதம்பரத்துக்கு வெளியே ஒரு சிறு மனை வாங்கினேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீட்டுக்காரர்கள் போடும் நிபந்தனைகளைப் பட்டியலிட்டால் இன்னொரு கட்டுரை ஆகும். அம்மா என்னோடு வந்து இருக்க வேண்டும், சுவர் மண்ணில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி, இவ்ளோ படிச்சிட்டு சம்பாரிச்சி, கடைசியில என்ன மறுபடி சாணி கரைக்கவா கூப்புடுற?"

"மெழுக வேணாம்மா. சுவரு மட்டும்தான் மண்ணு."

"சுவரு தானா நிக்குமா? கூலிக்காரி வச்சி மெழுவுவியா? அவளுக்கும் கைதான இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை எந்தப் பெண்ணியக் கோட்பாட்டு நூலிலிருந்தும் அவள் எடுக்கவில்லை.

அம்மாவுக்குக் காங்கிரீட் மேல் இருக்கும் பிரியத்தில் உழைப்பு மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. எங்கள் தெரு ஊரிலிருந்து தள்ளி இருந்தது. அதன் எல்லா வீடுகளும் கீற்றுக் கூரை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிக்கப்பட்டன. 44 பேர். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவில் அந்தச் செய்தி பல வருடங்களுக்குக் கூரை பற்றிய பேச்சாகவே இருந்தது. கூரையில் தீ வைக்க ஒரு வைக்கோல் பந்தம் போதும். ஓடு போட்டால் ஊர் முறைத்த காலம் ஒன்று இருந்தது. காங்கிரீட் தளம் என்பது எங்களுக்கு வெறும் கட்டுமானப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. அது தீப்பிடிக்காத கூரை.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று ஒரு பழமொழி உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நந்தனார் நினைவு வரும். கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். தில்லைக்கு வந்த பிறகும் நெருப்பில் இறங்கி எழுந்தால்தான் உள்ளே போகலாம் என்றாயிற்று. பச்சை மண்ணைச் சூளையில் வைப்பதுபோல. எரிக்கப்பட்டார் என்றே அந்தக் கதையை வாசிப்பவர்களும் உண்டு, நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். நெருப்பில்லாமல் உள்ளே போக ஒரு வாசல். 'வேகாதவர்கள்' என்ற தீர்ப்பு எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுச் சுவருக்கு மட்டும் சொல்லப்பட்டதில்லை என்பதால், மண்ணைக் கொண்டாடுமுன் இதையெல்லாம் பேசியாக வேண்டியிருக்கிறது.

பிறகு மழையும் காற்றும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டுக் கூரை பறந்தது. நனைந்த தெற்குச் சுவர் மூன்றாம் நாள் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் அண்ணன் கடன் வாங்கிக் காங்கிரீட் வீடு கட்டினான். 2015 நவம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தும் சுவர் நின்றது. அம்மா அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுவாள். 2024இல் அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டி, குடிசையில்லாத் தமிழ்நாடு ஆக்குவது நோக்கம். அந்த நோக்கத்தில் எள்ளளவும் குறை சொல்ல என் நாக்கு எழாது.

ஆனாலும் சித்திரை மதியத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து பாருங்கள். தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் கீழே இறக்குகிறது. ஆண்கள் டீக்கடைக்கும் கோயில் திண்ணைக்கும் போய்விடுகிறார்கள். சமைக்கிற நேரத்தில் உள்ளே இருப்பவள் அண்ணி. அம்மா வாசலில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். பெருமையான வீட்டுக்கு வெளியே, அந்த வீட்டைப் பார்த்தபடி. பழைய வீட்டின் ஒன்றரை அடி மண்சுவர் பகல் சூட்டை உள்ளே விட நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சிமென்ட் உற்பத்தி உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு என்கிறார்கள். அந்தப் பெரிய எண்ணின் ஒரு சிறு துண்டு பக்கத்து அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இருக்கிறது, இன்னொரு துண்டு எங்கள் அண்ணியின் முதுகில் வேர்க்குருவாக இருக்கிறது.

ஆக, என் முன்னால் இருந்தது மண்ணா காங்கிரீட்டா என்ற கேள்வி இல்லை. மெழுகத் தேவையில்லாத, மழைக்குக் கரையாத, தீக்குப் பயப்படாத, மதியத்தில் ஒரு பெண் உள்ளே உட்கார முடிகிற சுவர் எது என்பதுதான். அதைத் தேடிப் புறப்பட்டால் இத்தாலி வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரியைத் தாண்டி ஆரோவில்லில், 1989இல் தொடங்கிய ஆரோவில் புவி நிறுவனம் இருக்கிறது. அங்கே மண்ணை ஈரப்பதத்தோடு எந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் சேர்த்து, நான்கு வாரம் பதப்படுத்தினால் மழைக்குத் தாங்கும். பச்சை மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது மண்.

எங்கள் மாவட்டத்துக்கு மண்ணிலும் இரண்டு முகம். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி மேட்டில் செம்மண், கடலூர் மணற்பாறை என்று புவியியலாளர்கள் பெயர் வைத்த படிவத்தின் மேல். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்த களி. செம்மண்ணில் மணல் கூடுதல், தனியாக ஒட்டாது. களி நன்றாக ஒட்டும், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் மண் வேலையின் பாதி அறிவு. அழுத்திய கல்லானாலும் சரி, அச்சு எந்திரமானாலும் சரி, இந்த அறிவு இல்லாமல் ஓடாது. கணினி வடிவத்தைச் சொல்லும். மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

அச்சு எந்திரம் நம் மாநிலத்துக்கும் வந்துவிட்டது. 2021 ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில் அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடி வீட்டை அச்சிட்டுத் திறந்தது. தேவலோகத்துத் தச்சனின் பெயர் அந்த நிறுவனத்துக்கு. 2023இல் பெங்களூருவில் 1,021 சதுர அடி அஞ்சல் அலுவலகம் ஒன்று அதே முறையில் எழுந்தது. இரண்டும் காங்கிரீட். எந்திரம் சுவர் வைக்கும் காணொளிகளைப் பார்க்கும்போது என் கண் எந்திரத்தைச் சுற்றிச் சித்தாளைத் தேடுகிறது. அவள் இல்லை.

இதுதான் எனக்குப் பெரிய கவலை. நம் கட்டட வேலையில் பெண்ணுக்கு ஒரே இடம், சித்தாள். சும்மாடு கட்டி, பாண்டில் கலவை தூக்கி, சாரத்தில் ஏறுபவள். 20 வருடம் அருகிலிருந்து பார்த்தாலும் அவள் கையில் கரணை வராது. வேலைக்கு வந்த பையன் இரண்டு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். நலவாரியம் 1994இல் வந்தது. அட்டை கிடைத்தது. கரணை கிடைக்கவில்லை. இப்போது எந்திரம் வந்தால் முதலில் எடுத்துக்கொள்ளும் வேலை சுமப்பது. அதாவது அவள் வேலை. முதுகு வலிக்கும் வேலை போவது நல்லதுதான், ஆனால் அவளுக்கு அந்த வேலைக்கு மேலே ஏறப் படி வைக்காமலே கீழ்ப்படியை எடுத்துவிடுகிறோம். குழாயில் போகும் கலவையின் பதம் பார்க்கும் வேலை, திரையைப் பார்த்து முனையை நிறுத்தும் வேலை யாருக்குப் போகும்?

வேறு மாதிரி நடந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மண் வீட்டுச் சுவர் பூசுவதும் உள்ளே கணப்பு அமைப்பதும் வழிவழியாகப் பெண்களின் தொழில். 'என்ஹரதோரா' என்று அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அதற்கு வடக்கே, கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், ரொனால்ட் ரேயலும் வர்ஜினியா சான் ஃப்ராடெல்லோவும் 2019இல் உள்ளூர் மண்ணை அச்சிட்டு அறைகள் எழுப்பினார்கள். மெழுகுகிறவளுக்குத் தமிழில் தொழில்பெயர் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். குயவர் உண்டு, தச்சர் உண்டு, கொத்தர் உண்டு. மெழுகுதல் ஒரு வினை மட்டுமே, செய்கிறவளுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத வேலைக்குக் கூலி எப்படிக் கேட்பது? வங்கதேசத்தில், ருத்ராபூர் என்ற கிராமத்தில், அன்னா ஹெரிங்கர் என்ற பெண் கட்டடக் கலைஞர் ஊராரோடு சேர்ந்து மண்ணிலும் மூங்கிலிலும் கட்டிய பள்ளி 2007இல் ஆகா கான் விருது பெற்றது. பின்னர் அங்கேயே எழுந்த ஆனந்தாலயம் என்ற மண் கட்டடத்தின் மாடியில் ஊர்ப் பெண்கள் தைக்கும் தொழிற்கூடம் இருக்கிறது. அகமதாபாத்தில் சேவா அமைப்பின் வழியில் சித்தாள்கள் கொத்து வேலை கற்றார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாக வீடுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் முடியாது என்பதற்கு மண்ணில் ஒரு காரணமும் இல்லை.

ஆகவே மண் கட்டடம் பற்றிப் பேச வருகிறவர்களிடம், கையில் பாண்டு இருந்தாலும் கணினி இருந்தாலும், நான் இப்போது மூன்று விஷயம் கேட்கிறேன். இந்தச் சுவரைப் பத்தாம் வருடம் யார் பராமரிப்பார், அந்த நேரம் மதிப்பீட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? மண்ணின் பதம் சொன்ன பெண்ணுக்கு என்ன பெயர் கொடுத்தீர்கள், என்ன கூலி கொடுத்தீர்கள்? இதை முதலில் யாருக்குக் கட்டப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. குளிர்சாதனத்தில் பிறந்தவர்கள் முதலில் மண்ணுக்குத் திரும்பட்டும். அவர்கள் வீட்டுச் சுவர் மண்ணாகி, அதற்கு மதிப்பு வந்து, வங்கி கடன் கொடுத்து, 'கச்சா' என்ற சொல் காகிதத்திலிருந்து நீங்கிய பிறகு, எங்கள் தெருவுக்கு வந்து கேளுங்கள். காலமெல்லாம் மண்ணில் இருந்தவர்கள் கொஞ்ச காலம் காங்கிரீட்டில் இருந்துகொள்ளட்டும்.

என் வீட்டுக்குக் கடன் கேட்டுப் போன ஒரு வங்கியில் மண் கல் என்றதும் விண்ணப்பத்தைத் திருப்பி வைத்தார்கள். வேறிடத்தில் கிடைத்தது. அம்மாவோடு நடந்த பேச்சுவார்த்தைக்குத்தான் அதிக நாள் ஆனது. முடிவில் அவள் நிபந்தனைகள் இவை. அடித்தளம் கருங்கல், வெள்ளத்துக்கு மேலே மூன்றடி. கூரை காங்கிரீட், அதன்மேல் வெயில் தாங்க ஓடு. சுவரை மழை தொடாதபடி தாழ்வாரம் இறக்கிக் கட்ட வேண்டும். தரை முழுக்க டைல்ஸ், அதுவும் வழவழப்பாக. "சுவரு ஒன் இஷ்டம்" என்றாள். அந்த ஒன்றில் நான் அழுத்திய மண் கல்லை வைத்துக்கொண்டேன். கொத்தனாரிடம் என் நிபந்தனை ஒன்று. வேலைக்கு வரும் இரண்டு சித்தாள்களில் ஒருத்தியாவது சுவர் வைக்கக் கற்றுக்கொண்டு போக வேண்டும். அவர் முதலில் சிரித்தார், பிறகு கூலி விவரம் பேசினார். கொத்தனாருக்கு நாளுக்கு 1,100, சித்தாளுக்கு 600. கரணை பிடிக்கும் நாளில் அவளுக்கும் 1,100 என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

பண்ருட்டிப் பக்கமிருந்து முதல் லோடு செம்மண் வந்து இறங்கிய அன்று அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். கல் அழுத்தும் எந்திரத்தை அவள் அதிகம் பார்க்கவில்லை. மண் குவியலில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே திரியாக உருட்டினாள். திரி அரை விரல் நீளத்தில் ஒடிந்தது. மோந்து பார்த்தாள். மறுபடி உருட்டினாள், மறுபடி ஒடிந்தது.

"இதுல மணலு தூக்கலா இருக்கு. நம்ம வயக்காட்டுக் களிய நாலுக்கு ஒண்ணு போடு, புடிச்சிக்கும்."

எந்திரக்காரத் தம்பி தன் சோதனைக் குப்பியில் மண்ணைத் தண்ணீரோடு குலுக்கி அரை மணி நேரம் தெளியவைத்துப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய அதே அளவைச் சொன்னான். சித்தாள் இருவரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து திரி உருட்டிப் பழக ஆரம்பித்தார்கள். சாயங்காலம் கூலி பிரிக்கும்போது அம்மாவும் வரிசையில் வந்து நின்றாள். விளையாட்டுக்கு என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

"எனக்கு எவ்ளோ? சித்தாளு கூலியா, கொத்தனாரு கூலியா?"

நோட்டில் அவள் பெயரை எழுதி, வேலை என்ற கட்டத்தில் 'மண் பதம்' என்று எழுதினேன். 1,100 ரூபாயை எண்ணி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.